போத்தனூரில் திறந்த பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, 1921 நவம்பரில் போத்தனூர் ஸ்டேஷனில் ஒரு ரயில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே கைதிகள் மூச்சடைத்துச் செத்துக் கிடந்ததை நாலு வரியில் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்த மாதம் அதைத் தவிர வேறு எதற்கும் பதில் எழுத மனம் வரவில்லை. வாடகை ஒப்பந்தம், பி.எஃப்., கிராஜுவிட்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு போத்தனூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். இத்தனை வருஷத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. என்ன நடந்தது? அரசாங்கம் விசாரித்ததா? அந்த விசாரணை நியாயமாக நடந்ததா?
– பள்ளி ஆசிரியை, போத்தனூர்

அம்மணி, எனக்கும் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. எங்கள் அமுச்சியால்தான் தெரியும். அப்போது அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது, வெள்ளலூரில் இருந்தார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கூட்ஸ் வண்டி வந்தால் பெட்டிகளை எண்ணுவோம். அமுச்சி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். யார்டில் நிற்கிற மூடிய பெட்டிக்குள் ஏறி ஒளிந்து விளையாடினோம் என்று தெரிந்தால் புளிய விளாரை எடுத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், “உள்ள மனுசரு இருந்தாங்க கண்ணு” என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். மீதியை நான் வளர்ந்த பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1921 ஆகஸ்டில் மலபாரில் மாப்பிள்ளைமார், அதாவது அந்தப் பகுதி முஸ்லிம்கள், செய்த கிளர்ச்சி வெடித்தது. ராணுவச் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். பக்கத்துச் சிறைகள் நிரம்பியதும் கைதிகளை ரயிலேற்றி வெளியூர்ச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். நவம்பர் 19ஆம் தேதி மாலை, திரூரில் சுமார் 100 பேரைச் சாமான் ஏற்றும் மூடிய பெட்டி ஒன்றில் அடைத்து, கதவை வெளியிலிருந்து சாத்தி, பயணிகள் வண்டியோடு கோத்துவிட்டார்கள். மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் 1711ஆம் எண் பெட்டி அது. போக வேண்டிய இடம் பெல்லாரி சிறை. வழியில் சொர்ணூரில் வண்டி நின்றது. ஒலவக்கோட்டில், அதாவது இன்றைய பாலக்காடு ஜங்ஷனில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் தண்ணீருக்கும் காற்றுக்கும் கதறினார்கள். காவலுக்கு வந்தவர்கள் திறக்கவில்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து, நடுராத்திரி தாண்டி, போத்தனூரில் கதவு திறந்தது. 56 பேர் இறந்து கிடந்தார்கள். உயிர் இருந்தவர்களைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. மொத்தம் 70 பேர். இறந்தவர்களின் உடல்களை ரயிலிலேயே திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அரசாங்கம் விசாரித்ததா என்றால், விசாரித்தது. சென்னை அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர் ஏ.ஆர். நாப். அவர் யார் என்றால், மலபார் விவகாரத்தைக் கவனிக்க அதே அரசு அமர்த்திய சிறப்பு ஆணையர். அவரோடு இந்திய உறுப்பினர்கள் மூன்று பேர். பெட்டியின் காற்றுத் துவாரங்களில் இருந்த மெல்லிய கம்பி வலையைப் பெயின்ட்டும் தூசியும் அடைத்திருந்தன என்று கமிட்டி கண்டுபிடித்தது. அதில் தப்பில்லை, உண்மைதான். காவலுக்குப் போன சார்ஜன்ட் கவனமாக இல்லை என்றது. அதுவும் உண்மைதான். ஆனால் மனிதர்களைச் சாமான் பெட்டியில் அடைத்து அனுப்புகிற ஏற்பாடே தப்பு என்று அது சொல்லவில்லை. அப்புறம் சார்ஜன்ட் மேல் வழக்குப் போட்டார்கள், அவர் விடுதலையானார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 300 ரூபாய் கொடுக்க உத்தரவானது. அதோடு முடிந்தது.

நியாயமா என்று கேட்டீர்கள். இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல, என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பத்தைந்து வருஷம் கோவையில் தொழிலாளர் வழக்குகள் நடத்தினேன். மில்களில் நடக்கும் உள்விசாரணைகளில், என்கொயரி என்றுதான் எல்லாரும் சொல்வோம், எத்தனை உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில். கார்டிங் மிஷினில் ஒரு பையனின் கை போய்விட்டது. ஷிப்ட் மேஸ்திரிக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள். குற்றச்சாட்டு ஒரே வரி: மூடி இல்லாமல் மிஷினை ஓட விட்டார். என்கொயரி நன்றாகவே நடந்தது. சாட்சிகளைக் கூப்பிட்டார்கள், குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். ஆனால் அந்த மூடியை நாலு மாதம் முன்னாலேயே கழற்றி மூலையில் வைத்தது யார், யார் சொல்லி வைத்தார்கள் என்று நான் கேட்டபோது, “அது இந்தச் சார்ஜில் இல்லை” என்றார் விசாரணை அதிகாரி. என் கேள்வியைக் குறிப்பில்கூட ஏற்றவில்லை. மேஸ்திரிக்கு வேலை போயிற்று. அவர் தப்பே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மூடி இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்தச் சார்ஜன்ட்டுக்கும் உள்ளே கதறுகிறார்கள் என்று தெரியும்.

அன்றிலிருந்து எந்த விசாரணை அறிக்கை கைக்கு வந்தாலும் முடிவை முதலில் படிப்பதில்லை. எதை விசாரிக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கும் முதல் பக்கத்தைத்தான் படிப்பேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்பைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லி உட்கார வைத்தால், எவ்வளவு நேர்மையான ஆளும் அம்பைப் பற்றித்தான் எழுதுவார்.

ஜாலியன்வாலாபாக் படுகொலையை விசாரித்த ஹன்டர் கமிட்டியில் வெள்ளையர் ஐந்து பேர், இந்தியர் மூன்று பேர். இந்தியர் அதிகம் இருந்திருந்தால் நியாயம் கிடைத்திருக்கும் என்று கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பேசப் போகிறேன். சரியாக இருக்குமா ஐயா?
– மாணவி, கோபிசெட்டிபாளையம்

பாதி சரி, கண்ணு. நான்கில் மூன்று பேர் இந்தியராக இருந்த கமிட்டி என்ன செய்தது என்று மேலே பார்த்தாய். தலை எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினால், எதிரணி அதைக் காட்டி உன்னை மடக்கிவிடும்.

ஆனால் ஹன்டர் கமிட்டியில் அந்த மூன்று பேர் இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்கும் உண்மையில் பாதி தெரியாமலே போயிருக்கும். ஜாலியன்வாலாபாக்கில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் லாகூரில் கமிட்டி முன்னால் சாட்சி சொன்னது 1919 நவம்பர் 19. (திரூரில் கதவை அடைத்ததும் அதே நவம்பர் 19தான், சரியாக இரண்டு வருஷம் கழித்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தத் தேதி மறப்பதில்லை.) அந்த மூவரில் ஒருவர் சிமன்லால் சேத்தல்வாட், பம்பாய் வக்கீல். கவச வண்டிகள் உள்ளே நுழைய வழி இருந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா என்று கேட்டுக் கேட்டு, அநேகமாகச் சுட்டிருப்பேன் என்று டயர் வாயாலேயே சொல்ல வைத்தவர் அவர். சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்கலாம், ஆனால் திரும்பி வந்து தன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்ற பொருளில் டயர் பேசியதும் அங்கேதான். ஒரு நல்ல குறுக்கு விசாரணை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

கடைசியில் கமிட்டி இரண்டாகப் பிளந்தது. ஐந்து வெள்ளையரும் ஒரு அறிக்கை, மூன்று இந்தியரும் ஒரு அறிக்கை. எச்சரிக்காமல் சுட்டதும் விடாமல் சுட்டதும் தப்பு என்பதை ஐந்து பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பஞ்சாபில் நடந்தது கலகம், ராணுவச் சட்டம் தேவைதான் என்றார்கள். அப்படி ஒரு கலகமே இல்லை என்றார்கள் மற்ற மூவர்.

உன் பேச்சில் இன்னும் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக்கொள். முதலாவது, கமிட்டிக்குக் கொடுத்த வேலை. பம்பாய், டெல்லி, பஞ்சாப் கலவரங்களையும், அவற்றின் காரணங்களையும், அவற்றைச் சமாளிக்க எடுத்த நடவடிக்கைகளையும் விசாரிக்கச் சொன்னார்கள். டயரின் படை சுட்ட 1,650 தோட்டாக்கள் எங்கே வருகின்றன பார்: மூன்றாவதாக, ‘சமாளிக்க எடுத்த நடவடிக்கை’ என்ற பெயரில். கூடியிருந்த ஜனங்களின் மேல் முதலில் சந்தேகத்தை வைத்துவிட்டுத்தான் விசாரணையே ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, தேதிகள். கமிட்டியை அறிவித்தது 1919 அக்டோபர் 14. அதற்கு முந்தைய மாதமே, ராணுவச் சட்டக் காலத்தில் நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிகள் மேல் வழக்குப் போட முடியாதபடி காப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். காப்பு முதலில், விசாரணை பிறகு. சிறையில் இருந்த பஞ்சாப் தலைவர்களை வெளியே விட்டு வாதாட விடுங்கள் என்று காங்கிரஸ் கேட்டது, அதற்கும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் காங்கிரஸ் ஒதுங்கி, தானே ஒரு விசாரணை நடத்தியது. காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் எல்லாரும் அதில் இருந்தார்கள். 1,700 பேருக்கு மேல் வாக்குமூலம் எடுத்து, அதில் 650 பேருடையதை மட்டும் அச்சிட்டார்கள். கொஞ்சம் மிகை தெரிந்தாலும் சேர்க்கக் கூடாது என்பதில் காந்தி கண்டிப்பாக இருந்தார். கோபத்தில் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்புக் கூடுகிறது.

ஜாலியன்வாலாபாக்கில் இறந்தவர்கள் 379 பேரா, ஆயிரம் பேரா?
– வாசகர், தாராபுரம்

379 அரசாங்கக் கணக்கு. ஆயிரம் வரை இருக்கலாம் என்றது காங்கிரஸ். சுட்டுவிட்டுப் படை திரும்பிப் போனது. காயம்பட்டவர்களை எடுக்கவும் இல்லை, செத்தவர்களை எண்ணவும் இல்லை. இரவில் ஊரடங்கு வேறு. அன்றைக்கே எண்ணாததைப் பிறகு யார் எண்ணினாலும் அது குறைந்தபட்சக் கணக்குதான்.

மலபாரில் கிளர்ச்சிக்காரர்கள் அப்பாவி இந்துக்களைக் கொன்றார்கள், கட்டாயமாக மதம் மாற்றினார்கள். அவர்களில் சிலர் ரயிலில் செத்ததற்கு நீங்கள் இவ்வளவு வருத்தப்படுவது ஏன்?
– வாசகர், அன்னூர்

நீங்கள் சொன்ன கொலைகளும் மதமாற்றங்களும் நடந்தன. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வராது. அந்தக் குடும்பங்களின் வேதனையும் வேதனைதான்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்தது யார்? அதில் இந்துக்களும் சிலர் இருந்தார்கள், அவர்களும் செத்தார்கள். கையில் விலங்கோடு அரசாங்கத்தின் பொறுப்பில் வந்துவிட்ட ஒருவருக்கு என்ன தண்டனை என்பதைக் கோர்ட்டு முடிவு செய்ய வேண்டும். காற்றில்லாத பெட்டியில் சாக வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு எழுதவில்லை. அமிர்தசரஸிலும் இதே வாதம்தான் வந்தது. ஏப்ரல் 10ஆம் தேதி ஊரில் ஐந்து ஐரோப்பியர்களைக் கும்பல் கொன்றது. அது கொடுமை. ஆனால் 13ஆம் தேதி மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், பைசாகித் திருவிழாவுக்கு வந்த கிராமத்துக்காரர்கள் உட்பட, அதற்காகச் சாக வேண்டியவர்கள் இல்லை. கும்பல் செய்ததை ஒரு கணக்காகவும் அரசு செய்ததை வேறொரு கணக்காகவும் பார்க்க வேண்டும். இரண்டையும் கழித்துக்கொண்டால், விசாரணை என்று ஒன்று எதற்கு ஐயா? தயவுசெய்து இதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

1942 ஆகஸ்டில் சூலூர் விமானதளத்தை எரித்த பிறகு, சுற்றுவட்டாரத்தில் போலீஸ் அடித்த அடியை எங்கள் அப்பாரு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் அந்தக் காலத்தில் யாராவது விசாரித்தார்களா?
– விவசாயி, சூலூர் அருகே

1942இல் விசாரணை கேட்பதே ஒரு போராட்டமாக இருந்தது. மத்திய மாகாணத்தில் சிமூர் என்ற ஊரில் படையும் போலீஸும் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தை விசாரிக்கச் சொல்லி, காந்தியின் ஆசிரமத்தைச் சேர்ந்த பேராசிரியர் பன்சாலி 63 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஒரு விசாரணை வேண்டும் என்பதற்கே ஒருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. உங்கள் அப்பாருவைப் போன்றவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவர் பட்ட அடி எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. கமிட்டி நடந்த இடங்களைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நடக்காத ஊர்கள்தான் அதிகம்.

சட்டம் படிக்கிறேன். ஆள்பவர்களே நியமித்து, அப்படியும் நியாயமாக நடந்த விசாரணை ஒன்றாவது உண்டா?
– சட்டக் கல்லூரி மாணவர், ஈரோடு

உண்டு தம்பி. 1959இல் ஆப்பிரிக்காவில் நியாசாலாந்து, இன்றைய மலாவி. நெருக்கடி நிலை அறிவித்து, கூட்டங்கள் மேல் சுட்டு, பலரைக் கொன்றிருந்தார்கள். லண்டன் அரசு நீதிபதி டெவ்லின் தலைமையில் நாலு பேரை அனுப்பியது. நாலு பேருமே பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய் ஆப்பிரிக்கர்களிடம் கேட்டார்கள். நியாசாலாந்து, தற்காலிகமாகத்தான் என்றாலும், ஒரு போலீஸ் ராஜ்யம் என்று எழுதினார்கள். உடனே அரசாங்கம் என்ன செய்தது? அறிக்கையின் முக்கிய முடிவுகளை ஏற்க மறுத்தது. ஆனாலும் அந்த வார்த்தை நின்றுவிட்டது. கோபி மாணவியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்: இனத்தைவிட, அவர்களை எதுவரை கேட்க விட்டார்கள் என்பதும், அவர்கள் எதுவரை கேட்கத் துணிந்தார்கள் என்பதும்தான் கணக்கு.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது அயர்லாந்துத் தீவில். 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெர்ரி நகரம். ஊர்வலத்தில் ராணுவம் சுட்டு 13 பேர் அன்றே இறந்தார்கள். பிரிட்டனின் தலைமை நீதிபதியே, விட்ஜரி என்பவர், விசாரித்து மூன்று மாதம் ஆவதற்குள் ராணுவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றி அறிக்கை கொடுத்துவிட்டார். குடும்பங்கள் விடவில்லை. 1998இல் சாவில் பிரபு தலைமையில் இரண்டாவது விசாரணை. 2010 ஜூன் 15 அன்று வந்த அறிக்கை, சுடப்பட்டவர்கள் யாருக்கும் ஆபத்தாக இருக்கவில்லை என்றது. பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்கு 38 வருஷம் ஆனது. இடையில் செத்துப்போன தாய் தகப்பன் எத்தனை பேரோ.

நம் பக்கத்தில் சங்கரன் நாயரை நீ படிக்க வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் மங்கரைக்காரர், சென்னை வக்கீல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தவர். பஞ்சாப் கொடுமைக்காக 1919 ஜூலையில் பதவியை விட்டார். பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஓ’ட்வையரைப் பற்றி எழுதியதற்காக 1924இல் லண்டனில் அவர் மேல் மானநஷ்ட வழக்கு. நீதிபதி மெக்கார்டி, டயர் செய்தது சரிதான் என்று ஜூரிகளிடமே சொன்னார். 12 பேரில் 11 பேர் நாயருக்கு எதிராக. ஒரே ஒருவர், அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்கி, ஒத்துக்கொள்ளவில்லை. 500 பவுன் இழப்பீடு. மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார்கள், நாயர் கேட்கவில்லை.

எங்கள் அப்புச்சி ரயில்வேயில் இருந்தவர். திரூர் வண்டியைப் பற்றி அவர் அப்பா சொன்னதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதை வைத்து என்ன செய்வது?
– இல்லத்தரசி, சிங்காநல்லூர்

எழுதி வையுங்கள் அம்மணி, இந்த வாரமே. அப்புச்சியின் அப்பா கண்ணால் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா என்பதைத் தனியாக எழுதுங்கள். அவர் எங்கே, என்ன வேலையில் இருந்தார், உங்களிடம் யார் எப்போது சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். தெரியாத இடத்தை நிரப்ப வேண்டாம், காலியாகவே விடுங்கள். அமுச்சி உயிரோடு இருந்தபோது, எனக்கு எதிர்சாட்சியைக் கேட்கத் தெரிந்திருந்த காலத்தில்கூட, அவரை உட்கார வைத்து இதை நான் கேட்கவில்லை. அவர் அன்று போத்தனூரில் என்ன பார்த்தார், ஏதாவது பார்த்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

திரூரில் அவர்களுடைய நினைவாக நகராட்சி மண்டபம் இருக்கிறது. இறந்தவர்களை அடக்கம் செய்த பள்ளிவாசலும் அந்த ஊரில்தான். கோவையிலிருந்து காலை வண்டியில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். நீங்கள் எழுதியதில் ஒரு பிரதியை அங்கே கொடுங்கள். இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள். பால்பாயின்ட் பேனாவில், தாளின் ஒரு பக்கம் மட்டும்.